மிஸ்டேக், எரர், ஃபால்ட், டிஃபெக்ட்: பையருக்கு எழுதும் மெயிலில் எது எங்கே வரும்?

திருப்பூர்_மெர்ச்:

வணக்கம். பின்னலாடை ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசிங் வேலைக்கு (பையரோடு, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தோடு, ஆர்டர் விவரம் பேசும் வேலை) புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு குறிப்பு தயார் செய்கிறோம். நாம் 'தப்பு' என்று சொல்வது எல்லாவற்றுக்கும் மெயிலில் 'மிஸ்டேக்' என்றே எழுதிவிடுகிறார்கள். அடிக்கடி கண்ணில் படுகிற நாலு வாக்கியங்கள்:

'வீ டிட் மிஸ்டேக் இன் பேக்கிங் லிஸ்ட்.'
'இட் இஸ் எ மிஸ்டேக் ஃப்ரம் அவர் சைட்.'
'திஸ் பீஸ் ஹேஸ் மிஸ்டேக் இன் சைடு சீம்.'
'டிலே இஸ் நாட் அவர் மிஸ்டேக்.'

நாலும் எங்கே இடறுகின்றன? எரர், ஃபால்ட், டிஃபெக்ட், லேப்ஸ், ஓவர்சைட் இவற்றை எப்படிப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பது? அகராதிப் பொருள் கையில் இருக்கிறது. எந்தச் சொல் எதோடு சேரும், எதோடு சேராது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மெய்ப்பு_பார்ப்பவர்:

நம் 'தப்பு' மூன்று வேலை செய்கிறது. ஒருவர் செய்த காரியம் தப்பு. அதனால் பொருளில் விழுந்த குறையும் தப்பு. 'யார் மேல தப்பு?' என்று கேட்டால் அது பொறுப்பு. ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் தனித்தனிச் சொல். காரியத்துக்கு மிஸ்டேக் அல்லது எரர். பொருளில் உள்ள குறைக்கு டிஃபெக்ட். பொறுப்புக்கு ஃபால்ட். உங்கள் நாலு வாக்கியங்களில் கடைசி இரண்டும் இந்தப் பிரிவைப் பார்த்தாலே சரியாகிவிடும்.

முதல் வாக்கியம்: 'பண்ணிட்டோம்' என்பது அப்படியே 'டிட்' ஆகிவிட்டது. மிஸ்டேக், எரர், பிளண்டர் மூன்றுக்கும் வினைச்சொல் 'மேக்'தான். 'வீ மேட் எ மிஸ்டேக் இன் த பேக்கிங் லிஸ்ட்.' அந்த 'எ' விடக்கூடாது, மிஸ்டேக் எண்ணக்கூடிய சொல். 'கமிட்' என்பது எரரோடு சேரும், ஆனால் கனமான நடை. குற்றத்துக்கும் பாவத்துக்கும் வருகிற வினை அது. 'டூ' சேர்வது 'ராங்' என்ற சொல்லோடு, அங்கே பொருள் தீங்கு செய்வது, அறம் தவறுவது. பேக்கிங் லிஸ்டுக்கு அது தேவையில்லை. ஃபால்ட், டிஃபெக்ட், லேப்ஸ், ஓவர்சைட் நான்கோடும் 'மேக்' சேராது. 'தேர் வாஸ் எ லேப்ஸ்', 'டியூ டு அன் ஓவர்சைட்' என்றுதான் வரும்.

இரண்டாவது: 'ஃப்ரம் அவர் சைட்' என்பது 'எங்க பக்கத்துல இருந்து' என்பதன் நேர்பெயர்ப்பு. இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும், லண்டன் பையருக்கும் புரியும், ஆனால் அங்கே யாரும் எழுதுவதில்லை. 'எ மிஸ்டேக் ஆன் அவர் பார்ட்' என்று எழுதுங்கள்.

மூன்றாவது: துணி தவறு செய்யாது. மனிதர் செய்த தவறு துணியில் விட்டுப்போனது டிஃபெக்ட். 'திஸ் பீஸ் ஹேஸ் எ டிஃபெக்ட் இன் த சைடு சீம்'. அதைவிட நல்லது குறையின் பெயரையே சொல்வது: ஓப்பன் சீம் (தையல் பிரிந்தது), ஸ்கிப் ஸ்டிட்ச் (இடையில் தையல் விட்டுப்போனது), பக்கரிங் (தையலோரம் சுருங்கியது). இங்கே ஒரு கேள்வி வரும்: இன்வாய்ஸும் பொருள்தானே, அதில் மட்டும் 'மிஸ்டேக்' இருக்கலாமா? இருக்கலாம். எழுத்து, கணக்கு, வரைபடம் எல்லாம் ஒருவர் சொன்ன கூற்று. கூற்றில் மிஸ்டேக் இருக்கும். பீஸ் கூற்று இல்லை.

நாலாவது: தாமதத்துக்கு யார் பொறுப்பு என்பதுதான் பேச்சு, ஆகவே 'த டிலே வாஸ் நாட் அவர் ஃபால்ட்.' இலக்கணம் சரி. ஆனாலும் பையருக்கு இதை எழுதாதீர்கள். ஃபால்ட் என்ற சொல் வந்தாலே விரல் நீட்டுகிற தொனி வந்துவிடும். 'த டிலே அக்கர்ட் அட் த போர்ட்' என்று நடந்த இடத்தைச் சொன்னால் போதும்.

மிஸ்டேக்குக்கும் எரருக்கும் உள்ள வித்தியாசம் பாதி நடை, பாதி பொருள். மிஸ்டேக் அன்றாடச் சொல்; தவறாகப் புரிந்துகொண்டதும், தவறான முடிவு எடுத்ததும் அதில் அடங்கும். எரர் என்றால் சரியான மதிப்பு ஒன்று இருக்கிறது, அதிலிருந்து விலகிவிட்டது என்று பொருள். அதனால்தான் கணக்கு, தட்டச்சு, கருவி, மென்பொருள் எல்லாவற்றிலும் எரர் வருகிறது. 'டைப்பிங் எரர்', 'கேல்குலேஷன் எரர்'. முன்னிடைச் சொல் இரண்டுக்கும் வேறு: 'பை மிஸ்டேக்', ஆனால் 'இன் எரர்'. 'பை எரர்' என்று கிடையாது.

அளவு சம்பந்தமாக ஒரு எச்சரிக்கை. ஸ்பெக் ஷீட்டில் (அளவுக் குறிப்பு) மார்பளவுக்கு டாலரன்ஸ் (அனுமதித்த ஏற்ற இறக்கம்) 1 செ.மீ. என்று இருந்து, பீஸ் 0.5 செ.மீ. கூட வந்தால் அது மிஸ்டேக்கும் இல்லை, டிஃபெக்ட்டும் இல்லை. 'வேரியேஷன் விதின் டாலரன்ஸ்'. இதை 'எரர்' என்று எழுதிக் கொடுத்தால், இல்லாத குறையை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நம் ஊர் மெயில்களில் இன்னும் இரண்டு வரும். 'டோண்ட் மிஸ்டேக் மீ' என்பது 'தப்பா எடுத்துக்காதீங்க' என்பதன் ஆங்கில உடை. மெயிலில் 'ப்ளீஸ் டோண்ட் டேக் திஸ் த ராங் வே', பேச்சில் 'டோண்ட் கெட் மீ ராங்'. மற்றொன்று 'ஐ வாஸ் மிஸ்டேக்கன்'. இதற்கு 'தப்பு செய்தேன்' என்று பொருள் இல்லை, 'நான் நினைத்தது தவறு' என்றுதான். கார்ட்டனை மாற்றி அனுப்பியவர் இதை எழுதக்கூடாது. கப்பல் கிளம்பும் தேதி வேறு என்று நினைத்திருந்தவர் எழுதலாம்.

கியூசி_பின்னலாடை:

மேலே சொன்ன டிஃபெக்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிக்கணும், பணம் போறது அங்கதான்.

இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்ல டிஃபெக்ட் வேற, டிஃபெக்டிவ் வேற. ஒரே பீஸ்ல ஆயில் கறை ஒண்ணு, ஸ்கிப் ஸ்டிட்ச் ஒண்ணு, வெட்டாத நூல் ஒண்ணு இருந்தா டிஃபெக்ட் மூணு, டிஃபெக்டிவ் பீஸ் ஒண்ணு. ரெண்டையும் குழப்பி எழுதினா எண்ணிக்கை ஏறிடும். மாதிரி எடுத்துச் சோதிக்கிறதுக்கான ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணைப்படி, 1201 முதல் 3200 பீஸ் வரை உள்ள லாட்டுக்கு (ஒண்ணா சோதிக்கிற சரக்கு), வழக்கமான சோதனை அளவான ஜெனரல் லெவல் 2-ல 125 பீஸ் எடுக்கணும். மேஜருக்கு (பெரிய குறை) ஏக்யூஎல், அதாவது ஏத்துக்கற தர வரம்பு, 2.5 வச்சா 7 வரைக்கும் பாஸ், 8 ஆனா ஃபெயில். மைனருக்கு 4.0 வச்சா 10 பாஸ், 11 ஃபெயில். இந்த ஒண்ணுல லாட்டே நிக்கும், போகும். ரிப்போர்ட்ல 'மிஸ்டேக்'னு எழுதியிருந்தா அதை கிரிட்டிக்கலா, மேஜரா, மைனரா எதுலயும் போட முடியாது.

டேமேஜ் என்பதையும் டிஃபெக்ட்டோட சேர்த்துடறாங்க. டிஃபெக்ட் தயாரிக்கும்போதே வந்தது. டேமேஜ் நல்லா இருந்த பொருளுக்குப் பின்னால நடந்தது: கார்ட்டன் நனைஞ்சது, கொக்கி கிழிச்சது. டிஃபெக்ட்னா டெபிட் நோட் (பணத்தைக் கழிக்கிற சீட்டு) நமக்கு வரும். டேமேஜ்னா இன்ஷூரன்ஸ், கேரியர் (சரக்கை ஏத்திப் போறவங்க) பக்கம் பேச இடம் இருக்கு. கண்டெய்னர்ல தண்ணி இறங்கி வந்த கறையை 'ஸ்டெயின் டிஃபெக்ட்'னு பதில் மெயில்ல எழுதிட்டா அந்த இடம் போச்சு. 'வாட்டர் டேமேஜ்'னு எழுதுங்க.

ஃப்ளா என்பது பெரும்பாலும் திட்டத்துல, டிசைன்ல, வாதத்துல இருக்கிற அடிப்படைக் குறை. எல்லா பீஸ்லயும் கழுத்து தலைக்குள்ள நுழையலன்னா தையல்ல பார்க்க வேண்டாம், டிசைன் ஃப்ளா, இல்லன்னா பேட்டர்ன் எரர்.

ஊரும் முக்கியம். பிரிட்டிஷ் பையர் திருப்பி அனுப்பறதை 'ஃபால்ட்டி' கார்மெண்ட்ஸ்னு எழுதுவார், அமெரிக்கப் பையர் 'டிஃபெக்டிவ்'னு எழுதுவார். பொருள் ஒண்ணுதான். அந்த 'ஃபால்ட்டி'யில நம்மைக் குறை சொல்ற தொனி எதுவும் இல்ல.

டாக்குமெண்ட் பேங்குக்கு எல்சி-ல (பையருக்காக பேங்க் பணம் தர்றதா உறுதி சொல்ற லெட்டர் ஆஃப் கிரெடிட்) போகுதுன்னா அங்க சொல் 'டிஸ்க்ரெபன்சி'. 2007 ஜூலை 1-லேர்ந்து நடப்புல இருக்கிற, எல்சி-க்கான யூசிபி 600 விதிப்படி பேங்குக்கு 5 வங்கி வேலைநாள், அதுக்குள்ள டாக்குமெண்ட் பார்த்து ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாததைச் சொல்லணும். யார் தப்பு பண்ணினாங்கன்னு பேங்க் பார்க்காது, காகிதம் எல்சி-யோடயும் ஒண்ணுக்கொண்ணும் ஒத்துப்போகுதான்னுதான் பார்க்கும். அதனால பேங்குக்கு எழுதறப்ப 'மிஸ்டேக்' வேண்டாம்.

டெஸ்டர்_சென்னை:

சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இந்தச் சங்கிலியை முதலிலேயே சொல்லிக்கொடுப்பார்கள்: மனிதர் செய்வது எரர், அதனால் கோடில் விழுவது டிஃபெக்ட், பேச்சு வழக்கில் பக், ஓடும்போது வெளியே தெரிவது ஃபெயில்யர். மூன்றும் எப்போதும் சேர்ந்தே வராது. டிஃபெக்ட் இருந்தும் அந்த வரி ஓடாவிட்டால் ஃபெயில்யர் வராது. சட்டைக்கும் இது பொருந்தும்: பட்டன் பலவீனமாகத் தைக்கப்பட்டது டிஃபெக்ட், துவைக்கும்போது கழன்று விழுந்தால் ஃபெயில்யர்.

ஸ்லிப்பையும் லேப்ஸின் பொருளையும் இன்னும் யாரும் தொடவில்லை. பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990-இல் செய்த பாகுபாட்டைத்தான் பாதுகாப்பு, தரக் கட்டுப்பாட்டுத் துறைகளில் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். பேக்கிங் மேசையை வைத்தே சொல்கிறேன்.

எல் சைஸ் கார்ட்டன் என்று தெரியும், கை எம் ஸ்டிக்கரை எடுத்து ஒட்டிவிட்டது: ஸ்லிப். ஸ்டிக்கர் ஒட்டவே மறந்துபோனது: லேப்ஸ். இரண்டிலும் எண்ணம் சரி, நிறைவேற்றம் தவறியது. சைஸ் ரேஷியோ (ஒவ்வொரு சைஸும் எத்தனை என்ற விகிதம்) 1:2:2:1 என்று பழைய ஆர்டரை நம்பி, புது ஆர்டரை முழுக்க அந்த விகிதத்திலேயே கவனமாகப் போட்டது: மிஸ்டேக். இங்கே கை சரியாக வேலை செய்தது, எண்ணமே தவறு. நீடில் டிடெக்டரில் (துணிக்குள் ஊசித் துண்டு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) விட வேண்டும் என்று தெரிந்தும் நேரமில்லை என்று விடாமல் போட்டது: வயலேஷன். இதை மிஸ்டேக் என்று எழுதுவது உண்மைக்குப் புறம்பானது.

பையர் கேட்கும் கரெக்டிவ் ஆக்‌ஷன் ரிப்போர்ட்டில் 'ரூட் காஸ்: ஹியூமன் எரர். ஆக்‌ஷன்: டிரெயினிங் கிவன்' என்று எழுதினால் திரும்பி வரும், வரவும் வேண்டும். ஸ்லிப்புக்கு டிரெயினிங் மருந்தில்லை. அவருக்கு எல்லாம் தெரியும். எம், எல் ஸ்டிக்கர் ரோல்களைப் பிரித்து வைப்பது, நிறம் மாற்றுவது, ஒட்டியதும் ஸ்கேன் செய்வதுதான் மருந்து. லேப்ஸுக்குச் செக்லிஸ்ட். மிஸ்டேக்குக்குத்தான் டிரெயினிங்கும், புது ஆர்டர் ஷீட் கைக்கு வந்ததை உறுதி செய்வதும். ஆகவே ரூட் காஸ் வரியில் இந்த மூன்றில் எது என்று எழுதுங்கள். தீர்வு அதிலிருந்து தானாக வரும்.

கிளிட்ச் என்பது தற்காலிகக் கோளாறு, கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிடுவது. ஆறு வாரமாகத் தொடர்ந்து வரும் குறையை கிளிட்ச் என்று எழுதினால் படிப்பவருக்குக் கோபம் வரும்.

யாழ்_ஆங்கிலம்:

எங்கட பக்கம் 'பிழை' எண்டுதான் எல்லாத்துக்கும் சொல்லுறது, அதனால பிள்ளையள் இதே இடத்திலதான் தடக்குப்படுறவை. மேலே எல்லாரும் நல்லாச் சொல்லிப்போட்டினம். தொனியைப் பற்றி மட்டும் சேர்க்கிறன்.

பிளண்டர் எண்டால் பெரிய, யோசியாமல் செய்த பிழை. சதுரங்கக் குறிப்பிலை ஒரு கேள்விக்குறி மிஸ்டேக், இரண்டு கேள்விக்குறி பிளண்டர். ராணியைச் சும்மா குடுக்கிறது இரண்டு கேள்விக்குறி. மற்றவர் செய்ததை பிளண்டர் எண்டு எழுதினால் அவமதிப்பு. கேஃப் எண்டது பொது இடத்திலை வாய்தவறிச் சொன்னது, அரசியல்வாதியளின்ர செய்தியிலை அதிகம் வரும். ஃபோ பா பிரெஞ்சிலிருந்து வந்தது, சபை நாகரிகம் பிசகினது. எழுத்தைப் பார்த்து வாசிச்சால் உச்சரிப்புப் பிழைக்கும். ஹவ்லர் பிரிட்டிஷ் வழக்கு, சிரிப்பு வரக்கூடிய அப்பட்டமான பிழை. 'மெஸ் அப்', 'ஸ்லிப் அப்' தோழர்களோட கதைக்க. 'ஸ்க்ரூ அப்' கொஞ்சம் கொச்சை. 'மை பேட்' அமெரிக்கப் பேச்சு, சின்ன விஷயத்துக்கு மட்டும். கப்பல் பிந்தினதுக்கு ஒருக்காலும் இல்லை.

திருப்பூர்_மெர்ச்:

எல்லோருக்கும் நன்றி. ஸ்லிப், லேப்ஸ், மிஸ்டேக் பிரிவைக் குறிப்பில் அப்படியே சேர்க்கிறோம். மாதிரிக்கு ஒரு மெயிலைத் திருத்திக் காட்ட முடியுமா? 48 கார்ட்டன், ஒன்றுக்கு 24 பீஸ், மொத்தம் 1152. இன்வாய்ஸில் 1125 என்று போய்விட்டது. பேக்கிங் லிஸ்ட் சரி. வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்:

'டியர் சார், ஸாரி ஃபார் த மிஸ்டேக் டன். பை ஓவர்சைட் வீ ஹேவ் மென்ஷன்ட் ராங் குவாண்டிட்டி. கைண்ட்லி எக்ஸ்க்யூஸ் த இன்கன்வீனியன்ஸ். வீ வில் ரெக்டிஃபை த சேம்.'

மெய்ப்பு_பார்ப்பவர்:

வரிவரியாகப் பார்ப்போம்.

'மிஸ்டேக் டன்' முன்பே சொன்ன 'டூ'தான். 'ஸாரி ஃபார் த மிஸ்டேக்' போதும். முறையான மெயிலுக்கு 'வீ அப்பாலஜைஸ் ஃபார் த எரர்'.

'பை ஓவர்சைட்' இங்கே பொருந்தாது. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டது ஓவர்சைட். விடுபடல் அதன் உயிர். சர்டிஃபிகேட்டை இணைக்க விட்டுப்போனால் அது ஓவர்சைட். எண்ணையே மாற்றி எழுதியது எரர். இந்தச் சொல்லுக்கு 'மேற்பார்வை' என்ற பொருளும் இருப்பதால் 'அண்டர் அவர் ஓவர்சைட்' என்று எழுதினால் நேர் எதிர்ப் பொருள் வந்துவிடும்.

'ராங் குவாண்டிட்டி' என்று மட்டும் சொன்னால் எந்த எண் தவறு, எது சரி, எந்தக் காகிதத்தில் என்று அவர் திருப்பிக் கேட்க வேண்டும். 'எக்ஸ்க்யூஸ்' நாம் மன்னிக்கச் சொல்லிக் கேட்பது, 'அப்பாலஜைஸ்' நாம் வருத்தம் தெரிவிப்பது. இன்கன்வீனியன்ஸோடு இரண்டாவதுதான் சேரும். 'த சேம்' அலுவலகப் பழங்காலச் சொல், 'இட்' போதும். 'வில் ரெக்டிஃபை' என்று வாக்குறுதி கொடுப்பதைவிடத் திருத்தியே அனுப்புங்கள்.

திருத்திய வடிவம்:

'த குவாண்டிட்டி ஆன் அவர் இன்வாய்ஸ் வாஸ் ஸ்டேட்டட் இன் எரர் ஆஸ் 1125. த கரெக்ட் ஃபிகர் இஸ் 1152: 48 கார்ட்டன்ஸ் ஆஃப் 24 பீசஸ். த பேக்கிங் லிஸ்ட் இஸ் கரெக்ட். எ ரிவைஸ்ட் இன்வாய்ஸ் இஸ் அட்டாச்ட். வீ அப்பாலஜைஸ் ஃபார் த எரர்.'

இரண்டு இலக்கம் இடம் மாறும் இந்த வகைக்கு 'டிரான்ஸ்பொசிஷன் எரர்' என்று பெயர். அடுத்தடுத்த இலக்கங்கள் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும், இங்கே 27. கணக்கு ஒத்துவராதபோது முதலில் இதைப் பார்ப்பது கணக்கர்கள் வழக்கம்.

திருத்திய மெயிலில் முதல் வரி செயப்பாட்டு வினையில் இருக்கிறது, கடைசி வரியில் 'வீ' வருகிறது. வேண்டுமென்றே அப்படி. எண்ணைப் பற்றிச் சொல்லும்போது ஆள் தேவையில்லை. வருத்தம் சொல்லும்போது ஆள் வேண்டும். முழுக்கச் செயப்பாட்டில் 'மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்று விட்டால் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகவே படிப்பார்கள். அமெரிக்க அதிபர் ரீகன் 1987 ஜனவரியில் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் பற்றி நாடாளுமன்றத்தில் 'சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்றார். அரசியல் நழுவலுக்கு உதாரணமாக இன்றும் அதைக் காட்டுகிறார்கள்.

வழக்கறிஞர்_கோவை:

எண்ணிக்கை மாறியதோடு போனால் மேலே உள்ள மெயில் போதும். யூனிட் விலை மாறிப்போனால் சொல்லைப் பார்த்து எடுங்கள். 'கிளரிக்கல் எரர்' என்றால், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விலை வேறு, எழுதும்போதுதான் பிசகியது என்று பொருள்படும். 'வீ மேட் எ மிஸ்டேக் இன் அவர் பிரைஸ்' என்றால், விலை போட்டதே தவறாகக் கணித்து என்று படிக்க இடம் உண்டு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், ஒப்பந்தத்துக்கு அடிப்படையான ஓர் உண்மையைப் பற்றி இரு தரப்புக்கும் மிஸ்டேக் இருந்தால் பிரிவு 20-இன்படி ஒப்பந்தமே செல்லாது. ஒரு தரப்புக்கு மட்டும் என்றால் பிரிவு 22-இன்படி அந்தக் காரணத்தால் மட்டும் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. அதாவது நாமே தவறாகக் கணித்த விலையிலிருந்து தப்புவது கடினம். எது நடந்ததோ அதற்குரிய சொல்லை எழுதுங்கள், பர்ச்சேஸ் ஆர்டரின் எண்ணையும் தேதியையும் காட்டி.

இந்தச் சொற்கள் ஒரே வாக்கியத்தில் பிரிந்து நிற்பதைப் பார்க்க 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டம் பிரிவு 154 நல்ல இடம். அதிகாரி பிறப்பித்த உத்தரவில் 'கிளரிக்கல் ஆர் அரித்மெட்டிக்கல் மிஸ்டேக்ஸ்', தவறுதலான 'ஸ்லிப்', 'ஒமிஷன்' இவற்றால் வந்த 'எரர்ஸ்' ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிறது. ஸ்லிப்பும் விடுபடலும் காரணம், எரர் விளைவு. நீங்கள் தாக்கல் செய்த ஷிப்பிங் பில்லில் (ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் தரும் பத்திரம்) பிழை என்றால் அதற்குப் பிரிவு 149. அங்கே கேட்க வேண்டியது 'அமெண்ட்மெண்ட்'.

கியூசி_பின்னலாடை:

வழக்கறிஞர் சார் சொன்னதோட ஒண்ணு. இன்வாய்ஸ் திருத்தி அனுப்பறப்ப மேல 'ரிவைஸ்ட்'னும் தேதியும் போடுங்க, பழையதை 'சூப்பர்சீடட்'னு (இதுக்குப் பதில் புதுசு வந்தாச்சு) குறிச்சு ஃபைல்ல வைங்க. 'கொரிஜெண்டம்' (திருத்த அறிவிப்பு) டெண்டருக்கும் அரசு அறிவிப்புக்கும்தான் வரும், இன்வாய்ஸுக்கு வேண்டாம்.

திருப்பூர்_மெர்ச்:

சரி சார், அப்படியே செய்கிறோம். கடைசியாக ஒன்று: 'எர் ஆன் த சைடு ஆஃப் காஷன்' என்று பையர் எழுதுகிறார். இதில் தவறு செய்யச் சொல்கிறாரா?

மெய்ப்பு_பார்ப்பவர்:

இல்லை. சந்தேகம் இருந்தால் எச்சரிக்கைப் பக்கமே சாயுங்கள் என்கிறார். நிறம் ஷேட் பேண்டின் (பையர் ஏற்கும் நிற வரம்பு) விளிம்பில் இருந்தால் கட் பண்ணாமல் ஸ்வாட்ச் (மாதிரித் துணி) அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள் என்று அர்த்தம். பிரிட்டிஷ் உச்சரிப்பில் 'ஹர்' என்பதில் 'ஹ' இல்லாமல் சொல்வதுபோல் வரும். அமெரிக்காவில் 'எர்' என்றும் சொல்கிறார்கள், இரண்டும் சரி.